காப்பாற்று என்ற பொத்தான்

ததேயா குளிர்கோட்டுகளின் பைகளை இன்னொரு முறை தலைகீழாக உதறினாள். ஒரு பேருந்துச் சீட்டு, இரண்டு இருமல் மிட்டாய், மருந்துக்கடை ரசீது. கைபேசி இல்லை. கட்டிலுக்கடியில் பார்த்தாயிற்று, மெத்தையைப் புரட்டியாயிற்று, மாத்திரை டப்பாக்களைக்கூடக் கொட்டிப் பார்த்தாயிற்று. சமையலறை மேசையில் நெபோய்ஷாவின் மடிக்கணினி திறந்து கிடந்தது. திரையில் எண்களை நிரப்பச் சொல்லி ஆறு வெற்றுக் கட்டங்கள். அந்த எண்களை நெபோய்ஷாவின் கைபேசிதான் காட்டும். நெபோய்ஷாவைக் கேட்க முடியாது. அவள் புருஷன், வீட்டாருக்கு நேஷா, சனிக்கிழமை இறந்துபோனான். இன்று மதியம் அடக்கம்.

மாமியார் ஸ்தோயான்கா காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ததேயா கறுப்பு உடுப்பைப் பாதி மாட்டிய நிலையிலேயே அவளுக்கு போன் போட்டாள்.

"அம்மா, நேஷாவோட போன எங்கயாவது பாத்தீங்களா?"

"பாத்தேனே. அவன்கிட்டதான் இருக்கு."

"எவன்கிட்ட?"

"நேஷாகிட்ட. கோட்டு உள்பையில வெச்சு விட்டேன். மூக்குக்கண்ணாடி மேல்பையில இருக்கு. ஒரு பாக்கெட் சிகரெட்டும் வெச்சிருக்கேன்."

ததேயா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அவன் சிகரெட்ட விட்டு எத்தனையோ வருஷமாச்சேம்மா."

"இனிமே அது அவன என்ன பண்ணிடப் போகுது?"

போஸ்னியாவிலிருந்து நிலக்கரிச் சுரங்க வேலைக்கென்று ஸ்லோவேனியாவின் இந்த வேலெனியே ஊருக்கு வந்து நிலைத்த செர்பியக் குடும்பம் அது. அவர்கள் வீட்டில் யாரும் வெறும் பையோடு மண்ணுக்குள் போனதில்லை. மாமனார் தன் கைக்கடிகாரத்தோடும் சின்னக் குப்பி பிளம் சாராயத்தோடும் போனார். ததேயாவின் ஆட்களுக்கு இதெல்லாம் கிடையாது. அவர்கள் ஸ்லோவேனியர்கள். எரித்து, சாம்பலைச் சாடியில் போட்டு, நேரத்துக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நெபோய்ஷாவுக்கும் அப்படித்தான் என்று அவள் பேச்செடுத்தபோது, ஸ்தோயான்கா வாசற்படியில் நின்று, "என் பிள்ளைய சுட விடமாட்டேன்" என்றாள். ததேயா விட்டுக்கொடுத்தாள். எரித்திருந்தால் சாம்பலுக்குச் சட்டைப்பை ஏது? கைபேசி இப்போது வீட்டில் இருந்திருக்கும்.

அந்தக் கைபேசி எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். நெபோய்ஷா பகலில் குளிர்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கு வழக்குப் பார்த்தான். மாலையில் சம்பளமில்லாத இன்னொரு வேலை பார்த்தான். தனக்கென்று ஒரு விக்கி வைத்துக்கொள்கிறவர்கள் உலகத்தில் ஒரு தனி ரகம். தனக்குத் தெரிந்தது, படித்தது, மறக்கக் கூடாதது எல்லாவற்றையும் ஒரே ஒரு கோப்பில், பக்கம் பக்கமாகக் கோத்து, தன் கணினியிலேயே வைத்திருப்பார்கள். அதை இணைய உலாவியில் திறந்துதான் எழுத வேண்டும். ஆனால் உலாவி, தன்னுள் திறந்த எந்தப் பக்கத்தையும் கணினியின் வட்டில் கைவைக்க விடாது. எழுதலாம், சேமிக்க முடியாது. நெபோய்ஷா செய்த, உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நீட்சி இடையில் நின்று அந்தச் சேமிக்கும் வேலையைச் செய்தது. உலாவிக்காரர்கள் அவ்வப்போது பூட்டை மாற்றுவார்கள். அவன் உட்கார்ந்து புதுச் சாவி வெட்டுவான். இப்படியே பல வருஷம் ஓடியது.

நாளைக்கு மறுபடியும் பூட்டு மாறுகிறது. இந்த முறை பழைய நீட்சி நின்றுபோகாது, அதுதான் ஆபத்து. சேமிக்கும் பொத்தானை அழுத்தினால் வழக்கம்போலப் பச்சைக் குறி வரும். சேமித்தாகிவிட்டது என்று சொல்லும். வட்டில் ஒன்றும் இருக்காது.

"நின்னு போச்சுன்னா போகட்டும்," என்றான் நெபோய்ஷா போன வாரம், போர்வைமேல் கணினியை வைத்துக்கொண்டு. அப்போது வயிறு வீங்கி, கைகள் குச்சியாகியிருந்தன. "ஆளுங்க என்னத் திட்டிட்டு வேற வழி பாத்துப்பாங்க. ஆனா பச்சையக் காட்டிட்டு பொய் சொல்லக் கூடாது, ததேயா. நம்பி மூடிட்டுப் போயிடுவாங்க."

வியாழக்கிழமை திருத்தி முடித்தான். உலாவிக்காரர்களின் தளத்தில் ஏற்றுவதற்குள் மாத்திரை அவனைத் தூக்கத்தில் தள்ளிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒருமுறை கண் விழித்து, "அனுப்பிட்டியா?" என்றான். அனுப்புகிறேன் என்றாள். "சத்தியமா?" என்றான். சத்தியமாக என்றாள். அதற்குப் பிறகு அவன் பேசியது தண்ணீர் கேட்க மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பெட்டி, பாதிரியார், படையல் கோதுமை, பூ என்று போனது. இன்று காலை கணினியைத் திறந்தால் இந்த ஆறு கட்டங்கள். தளத்துக்காரர்கள் கோப்பைப் பார்த்து, சரி என்று சொல்ல அரை நாள்கூட ஆகலாம். மதியத்துக்குள் ஏற்றினால்தான் நாளைக் காலைக்குள் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

கீழே கார் ஒலி எழுப்பியது. நெபோய்ஷாவின் சித்தப்பா மகன் கோய்கோ. ததேயா மடிக்கணினியை அப்படியே திறந்தபடி தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கோய்கோ அவளையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணி, கல்லறைக்கு கம்ப்யூட்டரோட வர்ற மொத விதவை நீங்கதான்."

"வண்டிய எடு."

"இல்ல, கேக்கறேன். அங்க வந்தும் ஆபீஸ் வேலையா?"

"நேஷாவோட வேலை. எடு, கோய்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. ஏரிக்கரையைத் தாண்டும்போது கோய்கோவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான்.

"பொணத்துகிட்டேருந்து எடுக்கறதா? பெரியம்மா உங்களையும் சேத்து உள்ள வெச்சு மூடிடுவாங்க."

சவ அறை சின்னது, சுத்தமானது. பெட்டி திறந்திருந்தது. கால்மாட்டில் மணல் நிரப்பிய இரண்டடுக்குத் தகரத் தட்டு. மேலடுக்கில் உயிரோடிருப்பவர்களுக்கு மெழுகுவத்தி, கீழடுக்கில் இறந்தவர்களுக்கு. கறுப்புத் தலைத்துணி கட்டிய பெண்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்தோயான்கா தலைமாட்டில் இருந்தாள். நெபோய்ஷாவின் முகம் மெழுகு பூசியதுபோல் இருந்தது. அவனுக்கு ஒருபோதும் பிடிக்காத கோட்டில் அவனை அடைத்திருந்தார்கள்.

ததேயா மாமியாரின் பக்கத்தில் குனிந்தாள். அவள் ஸ்லோவேனிய மொழியில் கேட்பாள், ஸ்தோயான்கா செர்பிய மொழியில் பதில் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"அம்மா, எனக்கு அந்த போன் வேணும். கொஞ்ச நேரந்தான். திருப்பி வெச்சிடறேன்."

"பேசாம உக்காரு."

"நான் நேஷாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"செத்தவன்கிட்டேருந்து எடுத்தத அவனே வந்து கேப்பான். தனியா திரும்பிப் போகமாட்டான், கூட ஒருத்தரக் கூட்டிட்டுப் போவான். இன்னிக்கு இந்த வீட்டுல நீயும் நானுந்தான் பாக்கி. யார அனுப்பறதா உத்தேசம்?"

சுவரோரப் பெண்களில் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ததேயா குரலைத் தாழ்த்தினாள்.

"ஆயிரக்கணக்கான பேரு நாளைக்கு எழுதறது போயிடும்மா."

"யாரு அந்த ஆயிரம் பேரு? ஒருத்தன் வந்து இங்க ஒரு மெழுகுவத்தி ஏத்தினானா?" ஸ்தோயான்காவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைசி வாரம் அவன் என் மொகத்தப் பாக்கல. சூப்பு எடுத்துட்டுப் போனா, 'அங்க வைம்மா'ன்னான். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியத்தான் பாத்தான். இருந்த வெளிச்சத்தயெல்லாம் அதுக்குக் குடுத்துட்டுப் போனான். இப்ப பொணத்தையும் விடமாட்டேங்குது."

 ததேயாவின் முகத்தையும்தான் அவன் பார்க்கவில்லை. வியாழக்கிழமை மதியம் அந்தக் கணினியை ஜன்னல் வழியாக எறிந்துவிட வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியது. மாமியாரோடு அவள் மனம் இவ்வளவு முழுசாக ஒத்துப்போனது இதுவே முதல் தடவை, அதுவும் இந்த நேரத்தில்.

சவ அறை ஊழியர் கதவருகே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்லோவேனியர், பணிவானவர், ஒரு நிமிஷம்கூட விட்டுக்கொடுக்காதவர். "சீக்கிரம் மூடணும். அடுத்த குடும்பம் வெளிய காத்திருக்காங்க."

ததேயா பெட்டியின் விளிம்பில் கை வைத்தாள். ஸ்தோயான்கா அந்தக் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள். பிடி இரும்பாக இருந்தது.

"அம்மா, உங்க பொத்தானும் அவன் செஞ்சதுதானே?"

பிடி தளரவில்லை. ஆனால் கிழவி திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பொத்தானுக்கு ஒரு கதை உண்டு. மாமனார் போன பிறகு நெபோய்ஷா அம்மாவுக்கும் ஒரு விக்கி போட்டுக் கொடுத்தான். ஊறுகாய், மருந்து, உறவுக்காரர்களின் முகவரி. முக்கியமாக, கோயிலில் பாதிரியார் வாசிப்பதற்கான பெயர்கள். மெழுகுவத்தித் தட்டைப் போலவே இரண்டு பக்கம், உயிரோடிருப்பவர்கள் ஒன்றில், இறந்தவர்கள் இன்னொன்றில். ஸ்தோயான்கா ஆசையாக எழுதினாள், ஆனால் எதுவும் தங்கவில்லை. பொத்தானை அழுத்தவேயில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பொத்தானில் ஸ்லோவேனிய மொழியில் 'ஸ்ஹ்ரானி' என்று இருந்தது. சேமி என்று அர்த்தம். அவள் அதைத் தன் மொழியில் 'சஹ்ரானி' என்று படித்துவிட்டாள். புதை என்று அர்த்தம். "உசுரோட இருக்கறவங்க பேரயெல்லாம் எழுதிட்டு, நானே அவங்கள பொதைக்கணுமாடா?" என்று மகனிடம் சண்டைக்குப் போனாள். நெபோய்ஷா சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டான். அன்று சாயங்காலமே அந்த ஒருத்திக்காக நீட்சி முழுவதையும் செர்பிய மொழியில் மாற்றி எழுதினான். பொத்தானுக்கு 'காப்பாற்று' என்று பெயர் வைத்தான். அவர்கள் மொழியில் ஆண்டவரிடம் கேட்கும் அதே சொல். அன்றிலிருந்து ஸ்தோயான்கா அதை அழுத்தும்போதெல்லாம், "காப்பாத்து ஆண்டவரே" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் அழுத்துவாள்.

"நாளைக்கு நீங்க காப்பாத்துன்னு அமுக்குவீங்க," என்றாள் ததேயா. "பச்சை வரும். ஆச்சுன்னு மூடிடுவீங்க. அடுத்த நாள் தொறந்தா நீங்க எழுதினது எதுவும் இருக்காது."

"அப்ப எதுக்குப் பச்சை வருது?"

"அதான்மா. பொய் சொல்லும்."

"நேஷாவோட பொத்தானா?"

"ஆமா. அவன் பேரு போட்ட பொத்தான். எல்லார்கிட்டயும் சொல்லும். அதத் திருத்தறதுக்குத்தான் கடைசி வாரம் அப்படிக் கெடந்தான்."

ஸ்தோயான்கா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊழியர் மெதுவாக இருமினார். அவள் எழுந்தாள். பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டின் உள்பைக்குள் தானே கையை விட்டாள். கைபேசியை எடுத்துக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்து, ததேயாவிடம் நீட்டினாள். பிறகு தன் பாவாடைப் பையிலிருந்து தன்னுடைய பொத்தான் போனை எடுத்து, அது இருந்த இடத்தில் செருகினாள்.

"வெறும் பையோட அனுப்ப மாட்டேன்," என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு மகனிடம், "மாத்தித்தான் எடுத்துருக்கேன்டா. கேட்டுட்டு வராத."

ததேயா வெளியே ஓடினாள்.

காரின் முன் இருக்கையில் கணினி மடியில். கோய்கோ தன் கைபேசியிலிருந்து இணைய இணைப்பைக் கொடுத்துவிட்டு, வெளியே இறங்கி, அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படிப் பிடித்தால் நன்றாகக் கிடைக்கும் என்பது அவன் நம்பிக்கை. நெபோய்ஷாவின் கைபேசி உயிர்பெற ஒரு யுகம் ஆயிற்று. பேட்டரி சிவப்பில் இருந்தது. புள்ளிகளை இணைத்துத் திறக்கும் பூட்டு. அவன் விரல் போகும் வழி அவளுக்குத் தெரியும். திறந்ததும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. எதையும் பார்க்காமல் தள்ளினாள். எண்கள் தெரிந்தன. அடித்து முடிப்பதற்குள் மாறிவிட்டன. அவள் விரல்கள் விறைத்திருந்தன. மறுபடி அடித்தாள். தளத்தின் கதவு திறந்தது.

கோப்பைத் தேர்ந்தெடுத்தாள். என்ன மாற்றம் என்று ஒரு பெட்டி கேட்டது. இதை அவன் சொல்லித்தரவில்லை. கொஞ்சம் யோசித்து எழுதினாள்: 'சேமிக்காததைச் சேமித்ததாக இனிச் சொல்லாது.' அனுப்பு என்பதை அழுத்தினாள். ஒரு நீலக் கோடு எறும்பு ஊர்வதுபோல் நகர ஆரம்பித்தது.

சவ அறையிலிருந்து பாதிரியாரின் குரல் கேட்டது. கோய்கோ எட்டிப் பார்த்தான்.

"அண்ணி. மூடப் போறாங்க."

நீலக் கோடு பாதிகூட வரவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். கணினியை அப்படியே கோய்கோவின் கையில் திணித்தாள்.

"இத மூடிடாத. கோடு முடியற வரைக்கும் மூடாத."

"சரி சரி. ஓடுங்க."

உள்ளே, ஊழியர் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி சங்கடமாக நின்றுகொண்டிருந்தார். மூட முடியவில்லை. ஸ்தோயான்கா தன் வலது கையைப் பெட்டிக்குள், மகனின் மார்மேல் வைத்திருந்தாள், எடுக்கவில்லை.

"அம்மா, தயவுசெய்து," என்றார் ஊழியர்.

"என் மருமக வரணும்," என்றாள் ஸ்தோயான்கா.

ததேயா குனிந்து அவன் நெற்றியில் முத்தமிட்டாள். மேசையில் கிடந்த கரண்டிபோல் குளிர்ந்திருந்தது. அனுப்பிட்டேன் என்று சொல்ல நினைத்தாள். இன்னும் முழுசாகப் போகவில்லை என்பதால் சொல்லவில்லை. ஸ்தோயான்கா கையை எடுத்தாள்.

குழிக்கருகே கூட்டம் நின்றபோது கோய்கோ கடைசியில் வந்து சேர்ந்தான். காபித் தட்டை ஏந்துகிறவனைப்போலத் திறந்த கணினியை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். தொழிற்சாலை ஆட்கள் முறைத்தார்கள். பாதிரியாரே ஒரு கணம் தடுமாறினார். கோய்கோ ததேயாவைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். அப்போதும் அதை மூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. மண் விழும்வரை அப்படியே ஏந்திக்கொண்டு நின்றான்.

வீட்டில் எல்லோரும் சர்க்கரையும் வாதுமைப் பருப்பும் கலந்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார்கள். சாராயத்தில் ஒரு சொட்டைத் தரையில் சிந்திவிட்டுக் குடித்தார்கள். நல்லவன், அமைதியானவன் என்றார்கள். வெளிச்சம் இருக்கும்போதே கலைந்து போனார்கள். ததேயா மடிக்கணினியைப் பார்த்தாள். தளத்திலிருந்து ஒரு வரி வந்திருந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று.

சமையலறையில் கண்ணாடிக் குவளைகள் மலையாகக் கிடந்தன. ஸ்தோயான்கா அவற்றைப் பார்க்காமல் தன் அறைக்குப் போய் விளக்கைப் போட்டாள்.

"ததேயா. என்னோடதுல போட்டுக் குடு."

ததேயா கிழவியின் கணினியில் புது நீட்சியைப் போட்டாள், புது உலாவியையும் சேர்த்தே போட்டாள். நாளைக்கு வரப்போவதை இன்றைக்கே சோதித்துவிடலாம் என்று. ஸ்தோயான்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள். 'கோதுமைக்குச் சர்க்கரை பத்தவில்லை.' மூலையில் சிவப்புக் குறி எரிந்தது. எழுதியது இன்னும் வட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

"காப்பாத்து ஆண்டவரே," என்று அழுத்தினாள். பச்சை.

"இப்ப மூடித் தொறங்கம்மா."

மூடித் திறந்தாள். சர்க்கரை பத்தவில்லை என்பது அப்படியே இருந்தது.

"பொய் சொல்லல," என்றாள் ஸ்தோயான்கா.

"சொல்லல."

கிழவி உயிரோடிருப்பவர்கள் பக்கத்தைத் திறந்தாள். முதல் பெயர் நெபோய்ஷா. இரண்டாவது ததேயா. கோய்கோ எல்லாம் அதற்குக் கீழே. சுட்டியை முதல் பெயர்மேல் இழுத்தாள். கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டதில் ததேயாவின் பெயரும் சேர்ந்து நீலமாயிற்று. விட்டுவிட்டு மறுபடி இழுத்தாள். இந்த முறை நெபோய்ஷா மட்டும். வெட்டினாள். இறந்தவர்கள் பக்கத்தைத் திறந்து, புருஷன் பெயருக்குக் கீழே ஒட்டினாள். அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் திரையில் தொட்டுப் பார்த்தாள்.

மூலையில் சிவப்புக் குறி எரிந்தது.

சுட்டியின் அம்பு பொத்தான்மேல் போய் நின்றது. ஸ்தோயான்காவின் உதடு அசையத் தொடங்கி நின்றுவிட்டது.  பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அவ்வளவு கழுவ வேண்டியது கெடக்கு," என்றாள்.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. ததேயா திரைமுன் நின்றாள். பொத்தான் வேலை செய்கிறது. ஒரே ஒரு அழுத்தல்தான். அழுத்தாமல் மூடினால் கோப்பு பழையபடியே இருக்கும், முதல் பெயர் முதல் பெயராகவே. அவள் சுட்டியைத் தொடவில்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் போனாள். இருட்டிய அறையில் அந்தச் சிவப்புக் குறி எரிந்துகொண்டிருந்தது.